அதியாவுக்குக் கிடைக்காத முதல் மணி நேரம்

எங்கள் வரிசையில் ஆறு வீடுகள். ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களை நம்பிக் கட்டிய லைன் வீடுகள். ஒரு கூடம், ஒரு சமையல் மூலை, பின்பக்கம் எல்லோருக்குமாக ஒரு துவைக்கிற கல். கூரைக்கு சிமெண்ட் ஷீட் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் அந்த ஷீட்டைத் தொடுவதில்லை. செங்கல் தீர்ந்து போனதோ என்னவோ, ஒரு முழம் இடைவெளி விட்டுவிட்டார்கள். அந்த வழியாக அடுத்த வீட்டுச் சண்டை, சீரியல் பாட்டு, மீன் குழம்பு எல்லாம் நம் வீட்டுக்கு வந்துவிடும். வாடகை மட்டும்தான் தனித்தனி.

நான் ருக்மணி. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வந்தால் வருவார், அந்தக் கதை இங்கே வேண்டாம். நான் சொல்ல வந்தது பக்கத்து வீட்டு அதியாவைப் பற்றி.

அதியா சிங்காரப்பேட்டைப் பெண். அப்பா அங்கே சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடையில் வளர்ந்த பெண் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு மோந்தே இது தனியா, இது சோம்பு என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட மூக்கைக் கொண்டு போய் எங்கே வைத்தார்கள் தெரியுமா? செல்போனுக்குள் போகிற சின்னச் சின்னப் பாகங்கள் செய்கிற கம்பெனியில். அவள் செக்‌ஷனுக்குள் போகிறவர்கள் பவுடர் போடக்கூடாது, மை தீட்டக்கூடாது, பூ வைக்கக்கூடாது, சென்ட் வாசனை கூட மேலே இருக்கக்கூடாது. வாசலிலேயே ஒரு பெண் நின்று பார்ப்பாள். அங்கியும் தொப்பியும் முகமூடியும் போட்டு உள்ளே போனால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு வாசனையும் கிடையாது. “மூக்கு இருக்குதான்னே மறந்து போவுதுக்கா” என்று ஒருமுறை சொன்னாள்.

அவள் புருஷன் தஸ்தகீர் வண்டி பாகங்கள் செய்கிற வேறொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் ஆள். நல்ல உயரம், நல்ல மனிதர், வாய் மட்டும் கிடையாது. காலையில் பேசியது போதும் என்று சாயங்காலம் வரை இருந்துவிடக்கூடிய ஆள். வாடகை வாங்க வருகிற வீட்டு ஓனர் தெலுங்கில் அரை மணி நேரம் புலம்பினால், இவர் தெலுங்கிலேயே “சரே” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

இருவருக்கும் ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் இவளுக்குக் காலை ஷிஃப்ட் என்றால் அவருக்கு மத்தியான ஷிஃப்ட். அடுத்த வாரம் தலைகீழ். அது தானாக அமைந்ததில்லை. சூப்பர்வைசர்களிடம் கெஞ்சி அப்படி மாற்றி வாங்கிக்கொண்டார்கள். நாலு வயசு மகள் ஃபிசாவை யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டுமே. ஒருவர் கிளம்பியதற்கும் மற்றவர் வந்து சேர்வதற்கும் நடுவில் இருக்கும் கொஞ்ச நேரம் குழந்தை என்னிடம் இருக்கும். என் தையல் மிஷினுக்கடியில் உட்கார்ந்து துண்டுத் துணிகளைப் பொறுக்கி பொம்மைக்குக் கட்டிக்கொண்டிருக்கும். சமர்த்துப் பிள்ளை.

ஆக, ஒரே வீட்டில் ஒரே பாயில் குடும்பம் நடத்துகிறவர்கள், கண் விழித்த நிலையில் ஒருவரை ஒருவர் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கும் துணி துவைக்க, ரேஷனுக்குப் போக, தூங்க என்று நேரம் ஓடிவிடும். ஓசூரில் பாதிக் குடும்பம் இப்படித்தான். புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

தஸ்தகீரிடம் ஒரே ஒரு ஆடம்பரம் உண்டு. ஒரு சென்ட். கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூர் சிவாஜி நகரில் வாங்கியதாம். தேன் நிறத்தில் சதுரமான பாட்டில். தீர்ந்தால் மறுபடி அங்கே போய் அதையேதான் வாங்குவார், வேறு எதையும் தொடமாட்டார். அவர்கள் வீட்டில் அதற்கு ‘அம்பர்’ என்றுதான் பேர். பள்ளிவாசல் பக்கம் விற்கிற அத்தர் மாதிரி மெதுவாக வருகிற வாசனை இல்லை இது. அடித்தவுடன் மிளகு வரும். மூக்குக்குள் நேராகப் போய் நிற்கிற மிளகு. கூடவே பட்டை, கிராம்பு, ஏலக்காய். குழந்தையை என்னிடம் விட வரும்போது, ஆள் வாசலுக்கு வருவதற்கு முன்பே அந்தக் காரம் வந்துவிடும். நான் ஊசியை நிறுத்திவிட்டு, “வந்துட்டாரு பாரு புது மாப்பிள்ளை” என்பேன். அவர் சிரித்துவிட்டு ஃபிசாவை உள்ளே விட்டு, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவார். அவர் போய் வெகுநேரம் வரை என் வீடு மணக்கும். தைக்கிற துணியில் கூட ஏறியிருக்கும்.

அது தொடக்கம்தான். ஒரு மணி நேரம் போனால் காரம் இறங்கிவிடும். அடியில் இருந்து ஒரு இனிப்பு மேலே வரும். சாம்பிராணிப் புகையில் வெல்லப்பாகு காய்ச்சின மாதிரி, கதகதப்பாக, கனமாக. அதற்குப் பிறகு அது எளிதில் போகாது. உடம்பு சூட்டோடு சேர்ந்துகொண்டு மெல்ல மெல்லக் குறையும். மறுநாள் விடிகிறபோது கூட சட்டைக் காலரில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். இந்தப் பின்பாதி எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதியா சொல்லித்தான். அவளுக்குக் கிடைப்பது அதுதான்.

காலை ஷிஃப்ட் வாரங்களில் அவள் இருட்டோடு எழுந்து கிளம்புவாள். அவர் நடுராத்திரிக்கு வந்து படுத்திருப்பார். கிளம்புவதற்கு முன் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, கழுத்துப் பக்கம் குனிந்து, மேலே படாமல் ஒரே ஒரு மூச்சு இழுத்துக்கொள்வாளாம். மேலே பட்டால் தன் மேலும் ஒட்டிக்கொள்ளும், செக்‌ஷன் வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு மூச்சோடு பஸ் ஏறுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற கல்லில் எனக்குப் பக்கத்தில் நின்று அவருடைய சட்டையைக் கும்மிக்கொண்டிருந்தவள், திடீரென்று கேட்டாள்.

“ஏன்க்கா, அவரு குழந்தையை விட வர்றப்ப எப்படி மணக்கும்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “உன் புருஷன் மணக்கறத எங்கிட்டக் கேக்கறியே.”

“உங்களுக்குத்தானக்கா தெரியும்.”

அவள் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மிளகு, பட்டை, கிராம்பு என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிரியாணிக்கு முதலில் எண்ணெயில் போடுவாயே, சட்டி சூடேறி அது பொரிகிற அந்த நேரம் மாதிரி என்றேன். சோப்பு நுரைக் கையோடு அப்படியே நின்று கேட்டாள்.

“அதேதான். இன்னும் அதேதான்” என்றாள்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர் பைக்கில் கெலவரப்பள்ளி டேம் பார்க்கக் கூட்டிப் போனாராம். அன்றைக்கு அவர் கிளம்பும்போதுதான் சென்ட் அடித்தார். பின்னால் உட்கார்ந்த இவளுக்கு, வழி முழுக்கக் காற்றோடு அந்த மிளகு வாசனை முகத்தில் அடித்துக்கொண்டே வந்ததாம். டேமில் என்ன பார்த்தோம் என்பது நினைவில்லை, போன வழி மட்டும்தான் இருக்கிறது என்றாள். ஃபிசா பிறந்த பிறகு அந்த முதல் மணி நேர வாசனை அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

“சரி, மத்தியான ஷிஃப்ட் வாரம் உனக்குன்னா, அவரு காலைல கிளம்பறாரே. அப்ப நீ வீட்லதான இருக்கற? அப்ப மோந்துக்கயேன்” என்றேன்.

அவள் சட்டையைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

“அந்த வாரம் அவரு அடிக்கறதே இல்லக்கா. பாட்டிலத் தொடறதில்ல. ஞாயித்துக்கிழமையும் தொடறதில்ல. நான் வீட்ல இல்லாதப்பதான் அடிச்சுக்கறாரு.”

வீட்டில் இருக்கும்போது யாராவது சென்ட் போடுவார்களா, அது வெளியே போகிறவர்களுக்கு, ஊர் உலகத்துக்கு, என்று நம் ஆட்கள் எல்லோரும் நினைப்பதுதான். என் வீட்டுக்காரர் கூட வீட்டில் கிழிந்த பனியன்தான், லாரி ஏறும்போதுதான் தலைசீவுவார். ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தச் சமாதானம் சரி. ஆனால் காலை ஷிஃப்டுக்கு வெளியேதானே போகிறார்?

“கேட்டுடு. மனசுல வெச்சுக்கிட்டு அல்லாடாத” என்றேன்.

“கேட்டா ஒண்ணும் இல்லன்னு சொல்லுவாரு. அவரு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா அப்பறம் நான் மறுபடி கேக்க முடியாதுக்கா” என்றாள். பிழிந்ததை உதறிக்கொண்டே, “என்னப் பாத்துச் சலிச்சுப் போச்சோ என்னவோ” என்று சட்டையிடம் சொல்வது போலச் சொன்னாள்.

சந்தேகப்படுகிற பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் போனை நோண்டுவார்கள், பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பார்கள். அதியாவிடம் அது இல்லை. அவர் வேறு யாரையோ நினைத்து மணக்கிறார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன்னை நினைத்து மணப்பதில்லை என்பதுதான் அவளுக்கு வலி. எனக்கென்னவோ இது அதைவிட மோசம் என்று பட்டது. மற்றதற்கு வழக்கு உண்டு, பஞ்சாயத்து உண்டு. இதற்கு எங்கே போய் முறையிடுவது?

அதற்கு அடுத்து வந்த அவளுடைய காலை ஷிஃப்ட் வாரத்தில், ஒரு வியாழக்கிழமை, நான் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருக்கிறேன். மத்தியானம் ஆகவில்லை. வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் அதியா. கம்பெனி ஐடி கார்டு கழுத்தில் தொங்குகிறது, முகமெல்லாம் வியர்வை. தலைவலி என்று பொய் சொல்லி அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் மாறி மாறி வந்திருக்கிறாள்.

“கிளம்பிட்டாராக்கா?”

“இன்னும் குழந்தைய விடலியே. குளிக்கற சத்தம் இப்பதான் கேட்டுது.”

அவள் தன் வீட்டுக்குப் போகாமல் என் வாசலிலேயே நின்றாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருந்தது. “போடி உள்ளே” என்று நான்தான் அதட்டினேன்.

நான் ஒட்டுக் கேட்கிற ஜாதி இல்லை. ஆனால் மிஷினை நிறுத்தினேன், அது உண்மை. சுவருக்கு மேலே இருக்கும் இடைவெளி என் தப்பு இல்லை.

முதலில் அந்த மிளகு வாசனை வந்தது. அவர் அப்போதுதான் அடித்திருக்கிறார். பிறகு கதவு சத்தம்.

“அம்மா” என்று ஃபிசா கத்தியது.

“என்ன இந்த நேரத்துல? உடம்பு சரியில்லயா?” என்றார் தஸ்தகீர்.

“உடம்புக்கு ஒண்ணும் இல்லங்க.”

அவள் ஓரடி முன்னால் வைத்திருப்பாள் போல. உடனே அவர் குரல் கேட்டது. “அங்கயே நில்லு அதி. கிட்ட வராத.”

போச்சு என்று நினைத்தேன். இந்தப் பெண் பயந்தது சரியாகத்தான் போயிற்று.

“ஏன் வரக்கூடாது?” அதியாவின் குரல் உடைந்திருந்தது.

“இப்பதான் அடிச்சேன். ஒரு மணி நேரம் ஆவட்டும். மூக்கக் குத்தும்.”

“யாருக்குக் குத்தும்?”

“உனக்குத்தான்.”

“எனக்குக் குத்தும்னு யாரு சொன்னா?”

“நீதான சொன்ன.”

“நான் எப்பச் சொன்னேன்?”

இதற்குப் பதில் சொல்ல தஸ்தகீர் தன் வழக்கத்தை விட்டு நிறையப் பேச வேண்டியிருந்தது. ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துக்கொண்டு வந்து வைத்தார்.

“ஃபிசா வயித்துல இருந்தப்ப. இத அடிச்சுக்கிட்டு உன் முன்னால வந்து நின்னேன். வாசல்லயே வாந்தி எடுத்த. இந்தக் கருமத்த அடிச்சுக்கிட்டு இனிமே என் பக்கத்துல வராதீங்கன்னு கத்துன. உங்கம்மா கூட என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க, அவளுக்கு இந்த வாசம் ஆகாது மாப்பிள்ள, பாத்துக்கங்கன்னு.”

அவரே மேலே சொன்னார்.

“அதான் நீ வீட்ல இருக்கற வாரம் தொடறதில்ல. நீ காலைல போற வாரம்னா மத்தியானம் அடிச்சுக்குவேன். உங்கிட்ட வர்றதுக்குள்ள காரம் போயிடும். அப்பறம் மிஞ்சறது உனக்குப் புடிக்கும்னு தெரியும்.”

“அது எப்படித் தெரியும்?”

“காலைல குனிஞ்சு மோந்துட்டுப் போறியே.”

“நீங்க தூங்கிட்டு இல்ல இருப்பீங்க?”

“தூங்கற மாதிரி படுத்திருப்பேன். கண்ணத் தொறந்தா நீ எழுந்து போயிடுவ.”

என் கையில் இருந்த ஜாக்கெட் கை தரையில் விழுந்ததைக் கூட நான் கவனிக்கவில்லை. இந்த மனிதனுக்கு வாய் இல்லை என்றா சொன்னேன்?

“அது மசக்கைங்க” என்றாள் அதியா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. “மசக்கைல சோறு வேகற வாசம் கூடத்தான் ஆகல. அதுக்குன்னு சோறு ஆக்காமலா இருந்தோம்? மசக்கை முடிஞ்சு நாலு வருசம் ஆச்சுங்க.”

“முடிஞ்சிடுச்சுன்னு நீ சொல்லலியே” என்றார் அவர்.

நினைத்துப் பார்த்தால் அவர் சொன்னதும் சரிதான். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் சென்ட் ஆகாது. குழந்தை நடக்கத் தொடங்கியதும் வேலைக்குப் போனாள். ஷிஃப்ட் வந்தது. உட்கார்ந்து ‘இனிமேல் பரவாயில்லை’ என்று சொல்ல ஒரு பொழுது இருவருக்கும் வாய்க்கவில்லை. அவள் போட்ட தடையை அவள் மறந்தே போனாள். அவர் மறக்காமல் காத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஃபிசா என் வாசலில் வந்து நின்றது. “அம்மா உங்க வீட்ல வெளையாடச் சொல்லிச்சு. அத்தாவும் அம்மாவும் பேசறாங்களாம்” என்றது. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மிஷினில் துணியே வைக்காமல் சும்மா மிதித்தேன். சத்தம் கடகடவென்று ஓடியது. சில சமயம் பக்கத்து வீட்டுக்குச் சுவர் போதாது, சத்தமும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

கம்பெனி பஸ் மூலையில் வந்து ஹாரன் அடித்தது. ஒருமுறை. மறுமுறை. மூன்றாவது முறைதான் தஸ்தகீர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே ஓடினார். என்னைப் பார்க்காமல் ஓடினார். நானும் பார்க்காதவள் மாதிரி நூல் கோத்தேன்.

சாயங்காலம் அதியா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது, நன்றாகவும் இருந்தது.

“நானே வேணாம்னு சொல்லிட்டு, நானே ஏங்கிக்கிட்டு இருந்திருக்கேன்க்கா. இத்தன நாளு” என்றாள். அந்தக் கணக்கை நினைத்து மறுபடி ஒருமுறை அழுதாள். போன நாளை யார் திருப்பித் தருவார்கள்? நான் டீ போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்வது.

அதற்காக ஷிஃப்ட் மாறிவிடுமா? மாறவில்லை. அடுத்த வாரம் தஸ்தகீருக்குக் காலை, அதியாவுக்கு மத்தியானம். அவள் வேலை முடிந்து வந்து படுக்கும்போது நடுராத்திரி தாண்டிவிடும். அவர் கிளம்புவது விடியற்காலை. நடுவில் அவளுக்கு இருப்பது சில மணி நேரத் தூக்கம். பகலில் ஃபிசா கண்ணை மூட விடாது.

அந்தத் திங்கட்கிழமை, விடிவதற்குச் சற்று முன், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கக் குடத்தோடு வெளியே வந்தேன். பனி இறங்கியிருந்தது. அந்தக் குளிரில் பட்டையும் கிராம்பும் மிளகும் வரிசை முழுக்க மணந்தது. அவர்கள் வீட்டு வாசலில் தஸ்தகீர் டிபன் பையைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார். அவர் தோளில் நெற்றியை முட்டுக்கொடுத்து, தலை கலைந்து, கண் மூடி அதியா நின்றிருந்தாள். பாதி தூக்கம். ஆனால் மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். நான் குடத்தைக் கீழே வைக்காமல் அப்படியே உள்ளே திரும்பிவிட்டேன்.

பஸ் போன பிறகு மறுபடி வெளியே வந்தேன். அவள் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். புதன்கிழமையும் அப்படித்தான். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“ஏன்டி, ஒடம்பு என்னாத்துக்கு ஆவறது? அவரு பாட்டுக்கு அடிச்சுக்கிட்டுப் போறாரு. நீ தூங்கேன்” என்றேன்.

அதியா தலையைக் கோதி முடிந்துகொண்டாள்.

“தூங்கிட்டா நாலு வருசம் போயிடுதுக்கா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.